டெல்லிக்குப் புறப்பட்ட சாவி

சென்னை விமான நிலையத்துச் சோதனை மேடையில் தனசேகரன் சட்டைப்பையைக் காலி செய்தபோது, செல்போன், சீப்பு, பாக்குப் பொட்டலம் இவற்றோடு ஒரு சாவியும் பிளாஸ்டிக் தட்டில் விழுந்தது. சிவப்புப் பட்டிழை கட்டிய சாவி. பின்னால் நின்ற ஸ்வர்ணலதா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முள்ளிப்பட்டில் அவள் நெய்யும் தறிக் கொட்டகையின் பின்கதவுச் சாவி அது. கொட்டகையில் இந்நேரம் பத்துப் பெண்கள் தறியில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருத்தி அவள் மகள் கனிமொழி. சாவியோ நாலு நாள் டெல்லியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் கொட்டகையில் ஒரு ஜரிகைக் கட்டை காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு முகம் விடாமல் சந்தேகப்பட்டு முடித்த பிறகு முதலாளி தனசேகரன் பின்கதவின் உள்பக்கம் பூட்டைத் தொங்கவிட்டார். கேட்டவர்களிடம் மட்டும் காற்றைக் காரணம் சொன்னார். அதுவும் சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது. வறண்ட காற்று உள்ளே புகுந்தால் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் காய்ந்து இழை பட்பட்டென்று அறும். ஆரணிப் பக்கம் எந்தத் தறிக்காரரும் காற்றடிக்கிற பக்கத்துக் கதவைத் திறந்து போட மாட்டார். ஆனால் காற்றைத் தடுக்க ஒரு தாழ்ப்பாள் போதும், பூட்டு எதற்கு என்று திருப்பிக் கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. பூட்டு வந்த பிறகு அந்தக் கதவை ஒட்டி நூல் மூட்டைகளும் வந்து சேர்ந்தன.

போன ஆடியில் நூல் சுற்றும் மோட்டார் புகைந்தது. கண் திறக்க முடியாத புகை. எல்லோரும் முன்வாசல் ஒன்றையே நம்பி முண்டியடித்தார்கள். பொன்னியம்மாள் நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள். மூன்று பேர் அவளை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். மூன்றில் ஒருத்தி ஸ்வர்ணலதா. பொன்னியம்மாளின் வலது முழங்கை இன்னும் முழுசாக நிமிரவில்லை. மிதித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, தினமும் தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்து வைக்கிறாள். அந்த ஊறுகாய்தான் ஸ்வர்ணலதாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை முதலாளியிடம் பூட்டைக் கழற்றச் சொன்னாள். மூன்று முறையும் “பாக்கலாம்மா” என்றார்.

டெல்லியில் மறுநாள் கைத்தறிக் கண்காட்சி. அங்கே தனசேகரனின் கடை முகப்பில் ஒரு தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஸ்வர்ணலதா உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும், அதைப் பார்க்கத்தான் கூட்டம் சேரும். விமானத்தில் அவசர வழியை ஒட்டிய வரிசையில் அவர் இரண்டு இடம் கேட்டு வாங்கியிருந்தார். அவருக்கு முட்டிவலி, அங்கேதான் காலை நீட்டலாம். ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்ததைத் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். நடைபாதை ஓரத்தில் கால் இன்னும் கொஞ்சம் நீளும்.

பணிப்பெண் ஒருத்தி வந்து இங்கிலீஷில் கடகடவென்று எதையோ சொல்லிவிட்டு ஸ்வர்ணலதாவின் முகத்தையே பார்த்தாள். தனசேகரன் முந்திக்கொண்டார்.

“நீ எழுந்து பின்னாடி போய்க்கம்மா. இங்க உக்கார்றவங்களுக்கு இங்கிலீஷ் தெரியணுமாம்.”

“தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூப்டச் சொல்லுங்க மொதலாளி. இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கறேன். எழுந்துக்கறதா வாணாமான்னு அப்பால பாக்கலாம்.”

அவள் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. முன் வரிசைத் தலைகள் இரண்டு திரும்பின. சற்று நேரத்தில் இன்னொரு பணிப்பெண் வந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் ஜெயப்ரியா. குனிந்து, அவசரமில்லாமல், தமிழில் சொன்னாள்.

“அம்மா, இது அவசர வழி. ஆபத்துன்னா நாங்க ‘ஓபன்’னு கத்துவோம். அப்ப நீங்க முதல்ல வெளியில நெருப்பு இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா இந்த மூடிய எடுத்துட்டு, உள்ள இருக்கற பிடிய இழுத்துத் திறக்கணும். கைல தெம்பு இருக்கா?”

முப்பது வருடமாகத் தறிப்பலகையை இழுத்து அடித்த கையை ஸ்வர்ணலதா அவள் முன்னால் நீட்டிக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

“சாவி யாராண்ட இருக்கும்?”

ஜெயப்ரியா சிரித்துவிட்டாள். “சாவியா? இதுக்கு சாவியே கிடையாதும்மா. பூட்டி வச்சா உள்ள இருக்கறவங்க எப்படிப் போவாங்க?”

“அப்ப காத்து உள்ள பூராதா?”

“காத்துக்காகத்தானே இவ்ளோ கெட்டியா மூடியிருக்கு. பறக்கறப்ப யார் இழுத்தாலும் வராது. தரைல நின்னா உங்க ஒரு கை போதும்.” பிறகு தனசேகரனின் காலடியைப் பார்த்தாள். “சார், அந்தப் பைய மேல வச்சிடுங்க. இந்த வழில ஒரு சின்ன சாமான் கூட இருக்கக் கூடாது.”

தனசேகரன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எழுந்து பையை மேலே வைத்தார். ஒரு மறுபேச்சு இல்லை. நூல் மூட்டையை நகர்த்தச் சொன்னால் ஊரையே கூட்டிக் கத்துகிற மனிதர்.

“உங்களால முடியும்னா வாயால ‘ஆமா’ன்னு சொல்லணும்மா. தலையாட்டினா போதாது,” என்றாள் ஜெயப்ரியா.

“சொல்றேன் கண்ணு. அதுக்கு மின்னாடி இவராண்ட ஒரு ஆமா வாங்கிக்கறேன்.” அவள் தனசேகரன் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா மொதலாளி? இதுவும் காத்துக்குத்தான் மூடியிருக்கு. பூட்டு இல்ல.”

“இது ஏரோப்ளேன்மா. அது தறிக் கொட்டாய்.”

“ரெண்டுலயும் உள்ள இருக்கறது மனுசங்கதானே?”

“ஊருக்குப் போனதும் தெறந்துடறேன். இப்ப பேஜார் பண்ணாத. எல்லாரும் பாக்கறாங்க.”

“சாவி உங்க பாக்கெட்ல இருக்குது. நாலு நாள் கழிச்சுத்தான் போவீங்க. நாலு நாளும் நெருப்பு உங்களுக்கோசரம் காத்துகினு இருக்குமா?”

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஸ்வர்ணலதா இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். பயமில்லாமல் இல்லை. இவர் கொட்டகையை விட்டால் ஊரில் இன்னொருவர் சட்டென்று தறி கொடுத்துவிட மாட்டார், முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்கிற ஊர் அது. அது தெரிந்துதான் எழுந்தாள். பொன்னியம்மாளை மிதித்த கால்கள்தான் இப்போதும் அவளைத் தாங்கி நின்றன.

“நாம ஏறி வந்த கதவு இன்னும் மூடல. பூட்ட ஒடைக்கச் சொல்லுங்க. இல்லன்னா நான் எறங்கிக்கறேன். டெல்லித் தறில நீங்களே உக்காந்து நெய்ங்க.”

தனசேகரனுக்கு நெய்யத் தெரியாது. அப்பா காலத்திலிருந்தே மேற்பார்வைதான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெயப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “சார், எதுவா இருந்தாலும் சீக்கிரம். அஞ்சு நிமிஷத்துல போன் ஆஃப் பண்ணணும்.” தனசேகரன் பல்லைக் கடித்தபடி மகன் சரவணனுக்கு வீடியோவில் போட்டார்.

“கொட்டாய்க்குப் போடா. பின்கதவு பூட்ட ஒடை.”

“இன்னாப்பா சொல்றீங்க? சாவி உங்க கைலதானே இருக்குது?”

“அதனாலதான் ஒடைக்கச் சொல்றேன். ஜல்தி!”

திரை குலுங்கியது. முற்றம், செருப்புகள், கொட்டகை வாசல். பிறகு தறிகளுக்கு நடுவே கனிமொழியின் திகைத்த முகம். சரவணன் சுத்தியல் தேடிக்கொண்டு நின்றான். ஸ்வர்ணலதா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கனி, சுத்தியல்லாம் வாணாம். பாவுல தொங்கவுட்டுகினு இருக்கற எடைக்கல்ல அவுத்து எடு. மூட்டைங்கள தள்ளு. ஓங்கி அடி.”

மகள் ஒரு நொடி முதலாளி மகனைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. மூட்டைகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. முதல் அடி, இரண்டாவது அடி. நாலாவது அடியில் பூட்டு தெறித்துக் கீழே விழுந்தது. கதவு திறந்ததும் வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே பாய, “சாத்துங்கடி, எழை அறுந்துடும்!” என்று ஒரே நேரத்தில் நாலைந்து குரல்கள் கத்தின. கனிமொழி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மட்டும் போட்டாள்.

“ஒரு இழையும் அறக் கூடாது, சொல்லிட்டேன்,” என்று முணுமுணுத்தார் தனசேகரன்.

மூன்று வரிசை முன்னால் இன்னொரு பணிப்பெண் மைக்கில் இங்கிலீஷில் பேசத் தொடங்கியிருந்தாள். “அவங்க இன்னாம்மா சொல்றாங்க?” என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

“புகைல கண்ணு தெரியாதும்மா. உங்க சீட்லேர்ந்து வழி எத்தனாவது வரிசைன்னு இப்பவே எண்ணி வச்சுக்கங்கன்னு சொல்றாங்க.” ஜெயப்ரியா கையை நீட்டினாள். “போன், அம்மா.”

“ஒரே ஒரு நிமிசம் கண்ணு.” அவள் திரைக்குள் குனிந்தாள். “கனி, எல்லாரையும் கண்ண மூடிகினு அவங்கவங்க தறிலேர்ந்து அந்தக் கதவு வரிக்கும் நடக்கச் சொல்லு. எத்தினி அடின்னு எண்ணிக்கட்டும். மொதல்ல பொன்னியம்மா அக்கா.”

திரையில் பொன்னியம்மாள் காலைத் தொங்கவிட்டிருந்த தறிக்குழியிலிருந்து மெல்ல ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணுவது பாதி கேட்டது, பாதி விமானத்தின் இரைச்சலில் போனது.

“அம்மா, நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“ஆமா,” என்றாள் ஸ்வர்ணலதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தெறப்பேன்.”

எட்டு, என்றாள் பொன்னியம்மாள். ஒன்பது. நிமிராத அந்த வலது கையை முன்னால் நீட்டி, கதவின் மரத்தைத் தொட்டு, விரல்களால் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.