விடுபட்ட கண்ணி

"அப்ப உண்மையாவே நீ பின்னுறது இதுதான் முதல் தரமோ?"

"எத்தினை தரம் கேப்பியள் மச்சாள்? நேற்று வரைக்கும் எனக்கு வைக்கிங் எண்டால் கொம்பு வைச்ச தொப்பிதான்."

"அந்தத் தொப்பிக் கதையை இங்க எடுக்காத. அது பொய்க் கதையெண்டு அடிக்க வருவினம்."

தக்ஷிகா சிரித்தாள். பாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு தேவாலய மண்டபத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூடி, பழைய ஐரோப்பியர் மாதிரி உடுத்து அவர்களின் கைவேலைகளைச் செய்துபார்க்கிற குழு அது. பாமா இரண்டு வருடமாக வருகிறாள். தன் லினன் சட்டையைக் கையாலேயே தைத்திருந்தாள். மாமாவின் மகள் தக்ஷிகாவோ வீட்டில் பொழுது போகவில்லையென்று இன்றைக்குக் கூட வந்தவள். இரவல் சட்டைக்குக் கீழே அவளுடைய டிரெயினர்ஸ் வெள்ளையாகத் தெரிந்தன.

பாமா நாலு தரம் எடுத்த டிரைவிங் டெஸ்ட்டை தக்ஷிகா ஒரே தரத்தில் பாஸ் பண்ணினவள். கலியாண வீடுகளில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். அப்படிப் பேசாத ஒரே இடம் இந்த மண்டபம்.

வைக்கிங் பின்னல் மரக்கோலைச் சுற்றி வட்டமாக வளர்வது. மேல் வரிசைக் கண்ணி ஒவ்வொன்றின் பின்னாலும் செப்புக் கம்பியை நுழைத்து எடுக்கவேண்டும். இது கைக்குப் பழக பாமாவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. தக்ஷிகாவின் கோலில் இரண்டு மணித்தியாலத்தில் பாம்புச் சட்டைபோல ஒரு சாண் இறங்கியிருந்தது.

பின்னல் சொல்லிக்கொடுக்கும் மார்கரெட் அந்த மேசையடியில் நின்றுவிட்டாள். "வசந்த விருந்துக்கு எங்கள் குழுவில் அரசி வேடம் கட்டுபவர் போடும் வெள்ளிச் சங்கிலியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இது துளைப்பலகையில் ஒழுங்காக இழுபட்டு வரட்டும். வந்தால், நீயே செய்."

இரண்டு வருடமாகப் பாமா காத்திருந்த வார்த்தை அது. இன்னொருத்தியிடம் போய்விட்டது. வாய் மட்டும் "நல்லதுதானே" என்றது.

மார்கரெட் தேநீர் எடுக்கப் போனாள். பாமா குனிந்து பின்னலைப் பார்த்தாள். நடுவில், ஒரு வரிசையில், ஒரு கண்ணி விடுபட்டிருந்தது.

தெரியாதவர் கண்ணுக்கு அது படாது. ஆனால் பின்னல் மெலிந்து இறுகப் பலகைத் துளைக்குள் இழுக்கும்போது அந்த இடம் வாயைப் பிளந்துவிடும். பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. இப்போதென்றால் அந்த இடம் வரைக்கும் அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம். போன வருடம் பாமாவின் சங்கிலி எல்லோர் முன்னாலும் அப்படித்தான் போனது.

தக்ஷிகா கோலிலிருந்து பின்னலைக் கழற்றினாள். துளைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பின்னலைப் பாமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இழுக்கமுதல் ஒருக்கா மேலயிருந்து கீழ வரைக்கும் பாருங்கோ மச்சாள். சும்மா வடிவாயிருக்கு எண்டு சொல்லவேண்டாம். பிழை இருந்தால் சொல்லுங்கோ, என்ன?"