இரண்டரை மணிக் காட்சி

ஜனவரி முதலாம் திகதி மத்தியானம், இருந்த சுடிதார்களையெல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய பச்சையையே எடுத்துப் போட்டாள் ஷரோன். முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பொறுப்பான வேலை. படம் பார்க்கப் போவதற்கு இவ்வளவு பாடா என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

பாடு படத்துக்காக இல்லை. கூட வரப்போகிற கஜானனுக்காக.

அவனைத் தெரிந்து ஒன்பது நாள்தான். கரோல் ஆராதனைக்கு முதல்நாள், தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பவருக்குக் கை முறிந்துபோக, கல்யாண வீடுகளில் வாசிக்கிற இணுவில்காரன் ஒருவனை யாரோ கூட்டிவந்தார்கள். கீர்த்தனைகள் அவனுக்குப் புதிது. ஒருதரம் கேட்டான், வாசித்தான். நடுவில் சினிமாப் பாட்டுக்குப் போடுகிற துள்ளல் ஒன்றையும் சேர்த்துவிட்டான். பாடகர் குழுவின் முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்த ஷரோனுக்குச் சிரிப்பு வந்து வரி தவறிப்போனது. வரியை விட்டது நீங்கள்தானே என்று அன்று பின்னேரமே, குழுவில் நம்பர் வாங்கி, வாட்ஸ்அப்பில் கேட்டான். அதற்குப் பிறகு தினமும் பாட்டுகள்தான். அவன் ஒன்று அனுப்புவான், இவள் ஒன்று அனுப்புவாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றைக் காதில் இயர்போனோடு நின்று, கூட வேலை செய்கிறவர்களிடம் பிடிபட்டும் இருக்கிறாள்.

அப்பா நேசையாவிடம் சொல்லவில்லை. பையன் சைவ சமயம், என்ன சொல்வாரோ என்ற பயம். சிநேகிதி சாருஜா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அப்பாவும் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். தொண்டைமானாற்றில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். தலைக்கு மை பூசியிருந்தார், வீடெல்லாம் சென்ட் வாசம். இருந்த சந்தோசத்தில் அதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். கஜானன் ரிக்கெற்றுகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். நீலச் சேட்டில் மடிப்புக் கலையவில்லை. வணக்கம் சொல்வதா, புதுவருட வாழ்த்துச் சொல்வதா என்று தடுமாறி இரண்டையும் சேர்த்துச் சொன்னான். உள்ளே, கதாநாயகன் வந்ததும் விசில் காதைப் பிளந்தது. பாட்டு வந்தபோது கஜானன் தன் முழங்காலில் விரல்களால் வாசிக்கத் தொடங்கினான். அவள் படத்தை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. விட்டு விட்டு, இருமல் போல முடிகிற சிரிப்பு. பிறந்த நாள் தொட்டு அவள் கேட்டு வளர்ந்த சிரிப்பு.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் ஷரோன் கதிரைக்குள் சறுக்கினாள்.

"அப்பா" என்றாள் மெல்ல.

தேடி வந்துவிட்டார் என்று நினைத்த கஜானனுக்கு முகம் வெளுத்தது. பின்கதவால் போய்விடுவோமா என்று கேட்டான். அவள் கதிரைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அப்பா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் தேவகுமாரி ரீச்சர் இருந்தா. பாடகர் குழுவில் ஷரோனுக்குப் பின்வரிசையில் நின்று பாடுகிறவ. கல்யாணம் செய்யாமலே ஓய்வு பெற்றவ. அப்பா கச்சான் கடலையை உடைத்து உடைத்து ரீச்சரின் கையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா போய் ஆறு வருடம். ஷரோனுக்குள் முதலில் ஏதோ சுருக்கென்றது. பேசாமல் குனிந்திருந்தால் விளக்கு அணைந்துவிடும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஆறு வருடத்தில் அப்பா இப்படிச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. எழுந்தாள். கஜானனையும் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

கண்டதும் நேசையா துள்ளி எழுந்தார். மடியிலிருந்த கச்சான் எல்லாம் கீழே கொட்டியது.

"பிள்ளை, நான் தொண்டைமானாறு போக எண்டுதான்..."

"நானும் சாருஜா வீட்டைதான் அப்பா நிக்கிறன்."

முதலில் சிரித்தது ரீச்சர்தான். பிறகு மற்ற மூவராலும் அடக்க முடியவில்லை.

கஜானன் பெயரையும் ஊரையும் சொன்னான். நேசையா அவனை மேலும் கீழும் பார்த்தார். பையன் சைவம் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது என்று ஷரோனுக்குத் தெரிந்தது.

"நீர்தானே கரோலுக்கு வாசிச்சது?" என்றார். "வேகம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"வேகம் சரி. நாங்கள்தான் இழுத்தனாங்கள்" என்றா ரீச்சர்.

நேசையா ரீச்சரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வருகிற ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி கஜானனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ரீச்சரும் வருவா. உனக்குச் சம்மதமோ பிள்ளை?"

"ஓம் அப்பா. நான் சமைக்கிறன்."

விளக்கு அணைந்தது. தங்கள் இடத்துக்குத் திரும்பி இருந்ததும் கஜானன் அவள் பக்கம் சாய்ந்தான். "நீர் பயங்கரத் துணிச்சல்காரி" என்றான். இதுவரை நீங்கள் என்றே கதைத்தவன் முதல்முறையாக நெருக்கமாய் நீர் என்றான். திரையில் கதாநாயகியை யாரோ கடத்திக்கொண்டு ஓடினார்கள். ஏன் கடத்தினார்கள் என்று ஷரோனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.