மருமகள் மிதிக்காத களஞ்சியம்

சேந்தமங்கலம் பக்கம் தங்கசாமியின் தோட்டத்தில் பழைய கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. அதற்குள் முனி இருக்கிறதாம். அந்த வீட்டு மருமகள் படியை மிதித்தால் கண்ணைப் பிடுங்கிவிடுமாம். தாது வருசப் பஞ்சத்தில் ஒருத்தி, பட்டினி கிடந்த தன் அம்மாவுக்கு அதிலிருந்து ஒரு வள்ளம் கம்பை அளந்து எடுத்துக் கொடுத்தாளாம். அன்றைக்கே குருடாகிப் போனாளாம்.

மருமகள் தனப்பிரியாவுக்கு இந்தக் கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரே பசியில் சாகும்போது மூட்டை மூட்டையாகப் பதுக்கினவனை விட்டுவிட்டு, பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றினவள் கண்ணைத்தான் பிடுங்கியதாக்கும்! நல்ல முனி! பண்ணையத்தில் சம்பளம் வாங்கும் போலிருக்கிறது. வேலைக்காரி அத்தாயி வாராவாரம் உள்ளே போய்க் கூட்டிவிட்டுத்தான் வருகிறாள். கேட்டால், "அவ என்ன நம்மூட்டு மருமவளா?" என்பார் மாமனார் தங்கசாமி.

இப்போது அந்த இடம் அவளுக்கு வேண்டும். பள்ளிபாளையத்தில் தலையணை உறை தைக்கும் ஆர்டர் பிடித்துவிட்டாள். தையல் மிஷின்கள் டெம்போவில் வந்து நிற்கின்றன. வீட்டிலோ கோழித்தீவன மூட்டை போக நடக்கவே இடமில்லை. மிஷின் திரும்பிப் போனால் ஆர்டரும் போய்விடும்.

"சாமிகிட்டப் பூ கேட்டுப் போடலாம். வெள்ளை வந்தாத் தாராளமாப் போ. செவப்பு வந்தா வாயத் தொறக்கக் கூடாது" என்றார் தங்கசாமி. அவரே அரளிப்பூவை வெற்றிலையில் மடித்து, இரண்டு பொட்டலமாகப் படியில் வைத்தார். எடுக்கச் சொல்லி மனைவி பாப்பாயியைக் கூப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் படிப்பக்கமே அண்டியதில்லை. தள்ளி நின்று கும்பிட்டு, கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

"பாத்தியா அம்மிணி? நானா சொல்றேன், சாமி சொல்லுது. டெம்போவத் திருப்பச் சொல்லு."

தனப்பிரியாவுக்கு அழுகை வந்தது; அதைவிட ஆத்திரம் வந்தது. "அந்த இன்னொண்ணையும் பிரிங்க மாமா."

"தொடப்படாது! தெய்வ குத்தம்!"

அவர் குனிவதற்குள் அவள் அதைப் பறித்துப் பிரித்துவிட்டாள். அதிலும் சிவப்பு அரளிதான்.

"ஏனுங்க மாமா, உங்க முனிக்கு வெள்ளப் பூன்னா ஆகாதுங்களா?"

தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எல்லாம் ஊட்டு நல்லதுக்குத்தான்..." என்று முனகினார்.

பாப்பாயி இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். முனி மேல் அவளுக்கு இப்போதும் பயம்தான். புருசன் மேல் இருந்த பயம்தான் போயே போய்விட்டது. விறுவிறுவென்று போய் அவர் இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவினாள்.

"சாமிகிட்டயே திருட்டு வேல பண்ணிப்போட்டு, நீங்க கண்ணு முழியோட நிக்கறீங்க. இத்தன வருசம் பயந்து செத்தேன் பாருங்க, என்னச் சொல்லோணும்!"

பூட்டைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து மருமகளைக் கூப்பிடும் குரல் வந்தது.

"வா சாமி. மிஷின எந்தப் பக்கம் போடற?"