கனவுக்கு வந்தவருக்குக் காபி

வண்டிக்காரத் தெருவில் ஒருவர் உங்கள் கனவில் வந்தால், காலையில் அவர் வீட்டுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்குக் கால் வலிக்கும். அப்படியே விட்டுவிடுவது மரியாதை இல்லை. ஆகவே விடிந்ததும் யார் மூடி போட்ட டம்ளரோடு எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பார்த்தாலே தெருவின் மனசு தெரிந்துவிடும். அங்கே எந்தக் காதலும் ஒரு வாரத்துக்கு மேல் ரகசியமாக இருந்ததில்லை.

நாகஜோதி டம்ளரோடு போனது சுந்தரவதனத்தின் வீட்டுக்கு. அவர் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குறை சொல்வதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. நாகஜோதியின் வாஷிங் மெஷின் தண்ணீர் வாசலில் ஓடுகிறது என்று ஒருநாள் தெருவே பார்க்கக் கத்தினார். அவள் வாய்வரை வந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கே அவர் அவள் கனவுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தினமும் வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? காலையில் காபியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"நேத்து கனவுல ஏம்மா ஃபேன் போடல? வேர்த்துக் கொட்டிடுச்சு."

"கரண்ட் இல்ல சார்."

"முன்னாடியே சொல்லியிருந்தா விசிறி எடுத்துட்டு வந்திருப்பேன்ல? அப்புறம் அந்த நாற்காலி. ஒரு கால் ஆடுது. விழுந்து வச்சா யாரு பொறுப்பு?"

நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு "சரி சார்" என்பாள். உள்ளே இன்னும் நாலு வார்த்தை சேர்ந்துகொள்ளும். அந்த வார்த்தைகளைத் தேடி அவர் மறுபடி வருவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கணவன் இளங்கோவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவு என்பது அவனுக்குக் கம்பெனி காட்டும் கானல் நீர். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதெல்லாம் அவள் கனவில்தான். கடல் வழியாக நடந்தே வருவான். லுங்கி முழங்கால்வரை நனைந்திருக்கும். அவனுக்கு மட்டும் காபி வேண்டாம் என்று தெரு பெரிய மனசு பண்ணி விட்டிருந்தது. இப்போது அவன் வாசல்வரை வந்து, கூடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுகிறான். அவன் சுபாவம் அப்படி. மாமியார் வீட்டு விருந்திலேயே இரண்டாம் தடவை சோறு கேட்காதவன்.

ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"முட்டி விட்டுப்போச்சு ஜோதி. அவ்வளவு தூரம் வந்துட்டு உன் முகத்தக்கூடச் சரியாப் பாக்க முடியல. கொஞ்ச நாளைக்கு வராம இருக்கட்டுமா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டுக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சுந்தரவதனம் ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை தூக்கல்."

"தூக்கலாத்தான் இருக்கும்!" என்றாள் நாகஜோதி. "என் வாசல்ல தண்ணி ஓடினா என்கிட்ட வந்து சொல்ல மாட்டீங்களா? தெருவே பாக்க நிக்க வச்சுக் கத்துவீங்களா? தனியா இருக்கற பொம்பளைன்னா அவ்வளவு இளப்பமா? எங்க வீட்டுக்காரர் கடல் தாண்டி வந்து வாசலோட திரும்பிப் போறார். நீங்க என்னடான்னா நாற்காலி ஆடுதுங்கறீங்க!"

தெருவே வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. விழுங்கியதையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினாள். கொட்டி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

சுந்தரவதனத்துக்குக் கோபம் வரவில்லை. முகம்தான் வாடிப்போனது.

"அப்போ இன்னிக்கு நான் வர முடியாதா?"

"முடியாது சார். உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

"வேற யாரும் என்னைக் கனவுல கூப்பிடறதில்லம்மா. அங்க வரணுமேன்னு தினமும் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்."

நாகஜோதிக்குப் பாவமாகிவிட்டது. இந்த மனுஷன்மேல் தனக்கு இப்படியும் வருமா என்று நினைத்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எதிர் வீட்டு டேனியல் சார் பைக்கைக் குறுக்கயே நிறுத்தறாரு. நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே?"

சுந்தரவதனம் எட்டிப் பார்த்தார். முகத்தில் களை வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாருப்பா இது, ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே கிளம்பினார். டேனியல் எதிர்த்துப் பேசாத சாது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வார். செயலாளருக்கு இனிப் பல மாதங்களுக்கு அவர் கனவில் போக்கிடம் உண்டு.

அன்று கனவில் கூடம் காலியாக இருந்தது. இளங்கோவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், லுங்கியைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை, கத்தரிக்காய் விற்கிற விலை, அவள் மூக்குத்தி தொலைந்து கிடைத்த கதை என்று பேசப் பேச நேரம் போனதே தெரியவில்லை. பால்காரர் மணியடித்ததும் நாகஜோதி விழித்துக்கொண்டாள். இளங்கோவன் அப்போதும் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"அடடா, முழிச்சுட்டியா? நான் இன்னும் கிளம்பவே இல்லையே."

மஸ்கட்டில் அவனோடு தங்கியிருப்பவன் போனில் கூப்பிட்டான். கட்டிலில் போர்வை மட்டும் கிடக்கிறது, சூப்பர்வைசருக்கு என்ன சொல்ல என்று கேட்டான். "வர லேட்டாகும்னு சொல்லுங்கண்ணே" என்று நாகஜோதி போனை வைத்தாள்.

"நீ திரும்பத் தூங்கினாத்தான் எனக்கு வழி திறக்கும்" என்றான் இளங்கோவன். "எப்போ தூங்குவ?"

அவள் பச்சைத் தண்ணீரில் முகத்தை அலம்பிக்கொண்டு வந்தாள்.

"பாப்போம். இந்த மாசம் எனக்குத் தூக்கம் வராதுபோல இருக்கு" என்று சொல்லி, பையை அவன் கையில் கொடுத்து மீன் வாங்கிவர அனுப்பினாள்.