கட்டிப்போட்ட கை

நான்காவது முறையும் ப்ரீதி விழுந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை, அப்படியே மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, இங்க சுபினோட முதுகு இருக்கணும். இல்லன்னா நான் எது மேல சாயறது? நீங்களே பதாவோ, சொல்லுங்க." கிளாரிசா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போபோடிப் பேட்டையில் பாதி வீட்டுக் கோதுமை அங்கேதான் அரைபடும். மில் ஓடும்வரை இந்த மாடி ஹாலின் தரையும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"விழு," என்றாள். "அவன் இல்ல, அதனால விழுற. அத மறைக்காத."

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரி வாக்கியங்களுக்கு அவளிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. பத்திரிகைகளில் அவளை 'வளர்ந்து வரும் நடன அமைப்பாளர்' என்று எழுதுவார்கள். எட்டு வருடமாக வளர்ந்துகொண்டே இருக்கிறாயே, இன்னும் வளர்ந்தால் தலை கூரையில் இடிக்குமே என்று அவள் அப்பா கேலி செய்வார். முப்பத்திரண்டு வயது. வாரநாளில் வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறாள். மிச்ச உயிரெல்லாம் இந்த ஹாலில். அவளுடைய சித்தாந்தம் ஒரே வரிதான். அசைவு என்றால் எடை. உடம்பின் எடை ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை, சும்மா கையைக் காலை ஆட்டியிருக்கிறாய், அவ்வளவுதான்.

அதனால் அவள் ஒத்திகையில் 'மார்க்' பண்ணுவதற்குத் தடை. ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. உடம்பு களைத்துப்போனாலோ, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலோ, முழு ஆட்டத்தையும் கைவிரலால் சின்னதாக ஆடிப் பார்த்துக்கொள்வார்கள், மறந்துபோகக் கூடாதே என்று. சுபினுக்கு அது தீராத வியாதி. இடது உள்ளங்கைதான் மேடை. வலது கையின் இரண்டு விரல் அவனுடைய கால்கள். இடது கட்டைவிரல், ப்ரீதி. டீக்கடையில் சாய் ஆறிக்கொண்டிருக்கும், அவன் உள்ளங்கையில் இரண்டு விரலும் நடக்கும், சுழலும், கட்டைவிரல் மேல் சாயும். கிளாரிசா கண்ணில் பட்டால் சுள்ளென்று ஓர் அடி விழும். "கைய இறக்கு. ஆடுறதுன்னா எழுந்து ஆடு, இல்லன்னா சும்மா இரு. அரைகுறை பொய்யெல்லாம் எனக்கு வேண்டாம்." அவன் சிரித்துக்கொண்டே கைகளைப் பேண்ட் ஜேபிக்குள் விட்டுக்கொள்வான். ஜேபிக்குள்ளும் விரல்கள் சும்மா இருக்காது, துணி அசையும்.

ஜூலையில், ஒரு சனிக்கிழமை, போசரியில் ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வந்தவன் மழையில் பாலத்தில் வழுக்கி விழுந்தான். இருபத்தாறு வயது. வாயில் குழாயோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், நான்காம் நாள் விடியும்போது போய்விட்டான். முப்பதாம் நாள் பூசையும் போன புதன்கிழமை ஆயிற்று. இருவரும் ஆட வேண்டிய மேடை நிகழ்ச்சிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவன் இடத்தில் இன்னொருவனை ஆடவிட அவளுக்கு மனசு வரவில்லை. ப்ரீதி தன் பங்கை மட்டும் ஆடட்டும், அவன் இடம் காலியாகவே கிடக்கட்டும் என்று முடிவு செய்தாள். ஆட்டத்துக்கு முடிவுதான் இன்னும் கிடைக்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். வாசலில் வந்து நின்றவர் டக்ளஸ், சுபினின் அப்பா. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கடக்கி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் அளவு பார்க்கும் வேலை. நூலிழை கூடினாலும் பொருளைத் தள்ளிவைத்துவிடுவார் என்று சுபின் சொல்வான். அந்த மனிதர் இப்போது எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

"இந்த முட்டி உறை இங்கத்த சாமானான்னு அவன் அம்மா ஃப்ளோரா கேட்டா. அதான் குடுத்துட்டுப் போலாம்னு." பையைக் கொடுத்துவிட்டும் அவர் போகவில்லை. கிளாரிசா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ப்ரீதி சாய் வாங்கி வருகிறேன் என்று கீழே நழுவினாள்.

"ஒங்கிட்ட ஒரு காரியம் கேக்கணும் பிள்ள," என்றார். "அவன் ஒடம்ப எங்களவிட நீதான் கவனிச்சுப் பாத்தவ. ரெண்டாம் நாளு கண்ண முழிச்சிட்டான். பேச முடியாது. கை மட்டும் ஓடிக்கிட்டே கெடந்துது. எங்கிட்ட என்னத்தையோ கேக்கான், எனக்கு வெளங்கல. ஃப்ளோரா, தண்ணி கேக்கான்னா. சொட்டுத் தண்ணி குடுக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் ஜெபமாலையக் கையில வச்சேன், தள்ளிட்டான். பேனா குடுத்தேன், அதையும் தள்ளிட்டான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃப்ளோரா இப்பம் தண்ணியே குடிக்க மாட்டேங்கா. சாய் குடிப்பா, கஞ்சி குடிப்பா. பச்சத் தண்ணி தொண்டையில எறங்கல. எம்புள்ள கேட்டு நான் குடுக்கலியேங்கா. அவன் என்னத்தத்தான் கேட்டான்?"

"எப்டி செஞ்சான்னு காட்டுங்க அங்கிள்."

அவர் காட்டினார். இடது கையை வயிற்றின் மேல் மலர்த்தி வைத்துக்கொண்டார். வலது கையின் தடித்த இரண்டு விரல்களை அதன் மேல் நிறுத்தினார். ஓர் அடி. இன்னோர் அடி. அரைச் சுற்று. பிறகு விரல்களை அசைக்காமல் நான்கு மூச்சுக்கு நிறுத்திவைத்தார்.

அந்த நான்கு மூச்சு கிளாரிசா தன் ஆட்டத்தில் வைத்தது. அய்யோ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அளவு பார்த்துப் பழகிய மனிதர், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. விரல்கள் திரும்பிக் கட்டைவிரல் மேல் முதுகைச் சாய்த்தன. விலகின. உள்ளங்கையின் விளிம்புவரை ஓடி, அங்கே ஒரு காலைத் தூக்கியபடி நின்றன.

"இங்கன வந்து நிப்பான். என்னையே பாப்பான். எனக்கு வெளங்கலன்னு தலைய ஆட்டுவேன். மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சிருவான். எத்தன தடவன்னு நெனைக்க!"

ஆட்டம் அந்த இடம்வரைதான் இருந்தது. அந்த ஜூலை வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது அவன் கேட்டான், தூக்கின கால எங்க வைக்கணும்க்கா என்று. அவளுக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "திங்கக்கெழம சொல்றேன். அதுவரைக்கும் உள்ளத மறந்துடாத," என்றாள். மறுநாள்தான் மழையும் பாலமும். அவன் மறக்கவில்லை.

டக்ளஸ் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "எடது கையிலதான் ட்ரிப் ஊசி போட்டிருந்தாவ. அவன் அதையே தொட்டுத் தொட்டுப் போறான், பிடுங்கிருவான்னு நர்ஸுக்குப் பயம். ரெண்டு கையையும் கட்டில்ல கெட்டிப்போடணும், கையெழுத்துப் போடுங்கன்னாவ." கைக்குட்டையை நான்காக மடித்தார். "போட்டேன்."

மூன்றாம் நாள் கிளாரிசாவையும் இரண்டு நிமிடம் உள்ளே விட்டார்கள். பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்த கையில் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நடுக்கம் என்று நினைத்தாள். அடுத்தவர் உடம்பைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் அதை நடுக்கம் என்று நினைத்துவிட்டு வெளியே வந்து ரிக்ஷா பிடித்தாள். அன்றிலிருந்து அவள் தூக்கத்தில் அந்த விரல் தட்டுகிறது. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது.

தண்ணீர் கேட்டான் என்று சொன்னால் ஃப்ளோரா ஆன்ட்டி ஒரேயடியாகச் செத்துப்போவாள். தெரியாது என்றால் இப்படியே வறண்டுபோவாள். உள்ளதைச் சொன்னால் அவள் தண்ணீர் குடிப்பாள். ஆனால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் கட்டிப்போட்டோம் என்று இந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் தெரிந்துகொண்டு வாழ வேண்டும். ப்ரீதி சாயோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவன் தண்ணி கேக்கல அங்கிள்," என்றாள் கிளாரிசா.

"கேக்கலியா?"

"இல்ல."

"ஆண்டவர் மேல ஆணையா?"

"ஆணையா. ப்ரீதி, சாய் கிளாஸ கீழ வச்சிட்டு மொதல்லருந்து ஆடு." அவள் டக்ளஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அங்கிள், நீங்களும் அவ கூடவே கையால செய்ங்க. அவன் செஞ்ச மாதிரியே. அப்றம் உங்களுக்கே தெரியும்."

ப்ரீதி ஒன்றும் புரியாமல்தான் தொடங்கினாள். ஓர் அடி, இன்னோர் அடி, அரைச் சுற்று. டக்ளஸின் மடியில் விரல்களும் அதையே செய்தன. நான்கு மூச்சு இருவரும் நின்றார்கள். அவர் ப்ரீதியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடியும் ப்ரீதியைப் பார்த்தார். மடியில் இரண்டு விரல்களும் கட்டைவிரல் மேல் சாய்ந்தன. அங்கே ப்ரீதி யாருமில்லாத இடத்தில் முதுகைச் சாய்த்தாள்.

விழவில்லை. ஒரு கணம், இரண்டு கணம், முழு எடையையும் பின்னால் விட்டுவிட்டு, முதுகை யாரோ தாங்குவதுபோல் அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "அக்கா," என்றாள். விலகி ஓடி, ஹாலின் ஓரத்தில் காலைத் தூக்கியபடி நின்றாள்.

டக்ளஸின் விரல்களும் விளிம்பில் நின்றன. "ஆடியிருக்கான்," என்றார். "நான் கெட்டிப்போட்டுட்டேன்."

"நானும்தான் அங்கிள். ரெண்டு வருஷமா நானும் அந்தக் கையத்தான் அடிச்சி அடிச்சிக் கீழ இறக்கினேன்." சமாதானம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் அவரை அந்த நாற்காலியில் தனியாக விட மனசில்லை.

அவர் அழவில்லை. விளிம்பில் நின்ற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல என்ன பிள்ள? இதத்தான எங்கிட்டக் கேட்டுக்கிட்டே கெடந்தான்? ஒனக்குத்தான தெரியும். சொல்லு, இதுக்கு மேல என்ன?"

எத்தனையோ வாக்கியம் வைத்திருந்தாள் கிளாரிசா, ஒன்றும் வரவில்லை. முழங்காலிட்டு நகர்ந்துபோய், அவருடைய உள்ளங்கையின் விளிம்பை ஒட்டித் தன் உள்ளங்கையை மலர்த்தி வைத்தாள். கீழே மில் நின்றது. தரையின் அதிர்வு அடங்கியது. டக்ளஸின் தூக்கிய விரல் இரண்டு கைகளுக்கும் மேலே வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு அவள் கையில் இறங்கியது, முழுக் கனத்தோடும்.