மூன்றாம் பாடத்துப் பொத்தான்கள்

தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

புரோகிராமிங் கற்க வருகிறவர்களுக்காக ஏழு பேர், ஏழு வீடுகளில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பாடம் எழுதினார்கள். மூன்றாவது பாடத்தை எழுதியவர் அரைப்புள்ளி. பேச்சை முடிக்கவே மாட்டார் என்பதால் வந்த பெயர். முதல் பாடத்தில் உதாரணம் பேருந்து, இரண்டாவதில் மீன்தொட்டி, நாலாவதில் கோள்கள். படித்த ஒருவர் எல்லாவற்றையும் கலந்து, மீன்கள் டிக்கெட் எடுத்துச் சனிக்கோளில் இறங்குகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். அது ஒரு பிழையும் காட்டாமல் ஓடித் தொலைத்தது. இரண்டு மீன்கள் திரும்பிவர மறுத்ததாகவும் கேள்வி.

ஆகவே ஏழு பாடத்துக்கும் ஒரே உதாரணம் என்று முடிவானது. எல்லோரும் கோள்கள் பக்கம் சாய்ந்தார்கள். அரைப்புள்ளி மட்டும் சாயவில்லை.

எழுதிய பாடத்தை, வீட்டில் புரோகிராமிங் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அரைப்புள்ளி வீட்டில் அந்த ஆள் அவர் மனைவி, தையல்காரி. அவள் தைத்துக் கொடுத்த சட்டையை அவர் 'கொஞ்சம் கோணல்' என்று சொன்ன நாளிலிருந்து, பதினாலு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. பாடம் பார்க்கையில் மட்டும் வாய் திறப்பாள். அதுவும் அதில் சட்டைப் பொத்தான் டப்பா வருவதால். டப்பா தீரும்வரை ஒவ்வொரு பொத்தானாக எடு, நிறம் பார், பிரித்து வை: அதுதான் பாடம். "இங்க செவப்ப விட்டுட்டீங்க" என்பாள். அந்த ஒரு வரிக்காக அவர் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே சிவப்பை விடுவார்.

கோள்கள் வந்தால் அவள் ஏன் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறாள்?

கடைசிக் கூட்டத்தில் அரைப்புள்ளி கணினி முன் உட்கார்ந்து வாதாடினார். வழக்கம்போல் முடிக்கவில்லை. திரையில் ஆறு முகங்கள் கொட்டாவி விட்டன. பின்னால் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஏங்க, தள்ளுங்க." டப்பாவோடு வந்து நின்றாள். "சனிக்கோளக் கையில எடுத்துப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? பட்டன்னா எண்ணலாம், தொலைக்கலாம், தேடலாம். ஏழு பாடத்துக்கும் தாங்கும்."

பொத்தானே முடிவானது. ஆறு வீட்டுக்கும் ஆளுக்கொரு பிடி பொத்தான் அனுப்பிவைத்தாள். அந்தப் பாடங்களைப் படித்த இருநூறு பேர் இன்று கைதேர்ந்த தையல்காரர்கள்.

திரையை அணைத்ததும் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "சட்ட கோணல்தான். எனக்கு அப்பவே தெரியும்."

அரைப்புள்ளி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடித்தார். "அதனாலதான் தெனமும் அதையே போட்டுக்கறேன்."

சத்தியத்துக்கு ஒரே ஒரு சின்னத் திருத்தம்: அந்த ஏழு பாடங்களையும் எழுதியவர் ஒரே ஆள்; அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.