முதுகில் மைக்கோடுகள்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவி ராணிக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்கிறது. அவளைப் புரட்டுவது, துடைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் நான்தான். எழுபத்திரண்டு வயதில் இதைச் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. கை விரலெல்லாம் சிவந்து வெடித்து நீர் வடியத் தொடங்கியதும் அந்தத் திமிர் அடங்கியது.

பெங்களூரிலிருந்து மகள் வெண்ணிலா வந்து பார்த்துவிட்டு அழுதாள். "இந்தக் கையோட அம்மா புண்ணைத் தொடலாமாப்பா? எதனால வருதுன்னு இந்த மாசத்துக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்." அவள் வீட்டில் இன்னொரு கட்டிலுக்குத்தான் இடம். எனக்கு இல்லை.

கோலாரில் தோல் டாக்டரம்மா என் முதுகில் கையுறை ரப்பர், சோப்பு, களிம்பு என்று துளித்துளியாக வரிசையாய் ஒட்டி, சுற்றிலும் மையால் கோடு போட்டு எண் எழுதினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தார். நாலாம் நாளும் பார்த்தார். ஒன்றுமே இல்லை. வயதானவர்களின் தோல் ஒவ்வாமையைத் தாமதமாகத்தான் காட்டும், ஏழாம் நாள் வாருங்கள், கோடு அழியக் கூடாது என்றார்.

"தோலுக்கும் பென்ஷன் குடுத்துட்டாங்களா டாக்டர்?" என்று கிண்டலடித்துவிட்டு வந்தேன். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் மெடிக்கல் பரிசோதனை என்றால் ஒரே நாள்தான். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. கேஜ் என்கிற லிப்டில் ஏறிக் கீழே இறங்க வேண்டியதுதான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ராணி.

"ஒண்ணும் இல்லியாம்."

"அப்ப இன்னாத்துக்கு இந்தக் கிறுக்கல்? திரும்பி உக்காருங்க."

எங்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் ஷிப்ட் முடிந்து வரும் புருஷன் முதுகைப் பெண்சாதிதான் தேய்த்துவிடுவாள். படுக்கையில் விழுந்த பிறகு எனக்கென்று எதுவும் செய்ய முடியவில்லையே என்று ராணிக்கு ஏக்கம். அந்த ஒற்றைக் கையால், சோப்பும் தேங்காய் நாருமாக, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் நாள் காலையில் முதுகு அரித்தது. கண்ணாடியில் பார்த்தால் ஓர் இடம் தடித்துச் சிவந்திருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று கோலாருக்கு ஓடினேன்.

டாக்டரம்மா வெகு நேரம் பார்த்தார். "கோடே இல்லையே, இது எந்த நம்பர்னு எப்படி சொல்றது? ரப்பரா இருக்கலாம், களிம்பா இருக்கலாம். தேய்ச்சதால வந்ததாக்கூட இருக்கலாம்." முதுகு ஆறி, சில மாதம் போன பிறகுதான் திரும்பச் சோதிக்க முடியும் என்றார். "யாரு அழிச்சது?"

"நான்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா காருடன் வந்தாள். நானும் அவளுமாக ராணியைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம்.

"கை ஆறினதும் வந்து கூட்டிக்குங்க, இன்னா?" என்றாள் ராணி. ஆறினால் மட்டும் போதாது, காரணம் தெரிய வேண்டும், அந்தக் கோடுகள் அவள் தேய்த்ததில்தான் அழிந்தன என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் கை ஆறிவிட்டது. தொடுவதற்கு அவள் இல்லையே, ஆறாமல் என்ன செய்யும்?